துளையிலைக் கொடி: பெயரும் காரணமும்

இலையில் துளை கண்டால் புழு அரித்தது என்போம். கிழிசல் கண்டால் காற்றின் வேலை என்போம். இவ்விரண்டுமின்றித் தானே துளைபட்டு வளரும் இலைகளையுடைய கொடி ஒன்று உண்டு. இன்று நம் நாட்டுப் பூந்தோட்டங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படும் 'மான்ஸ்டெரா' என்பதே அது. அதன் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளாகும். அதற்குப் பெயர் வந்த வரலாறு தமிழாசிரியர்களுக்குச் சுவை பயப்பது.

பிரெஞ்சுத் துறவியாகிய சார்ல்ஸ் புளூமியே, 1689 முதல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு மும்முறை கடற்பயணம் செய்தவர். 1693இல் வெளிவந்த தம் நூலில் இக்கொடியை வரைந்து காட்டினார். சேம்பின் உறவாக அதனைக் கண்டு, துளையிலையைச் சுட்டும் நீண்ட தொடர் ஒன்றையே பெயராக எழுதினார். 1753இல் சுவீடன் அறிஞர் லின்னேயஸ் அத்தொடரைச் சுருக்கி, 'துளையுண்டது' எனப் பொருள்படும் 'பெர்த்தூசம்' என்னும் சொல்லை அதன் பெயரில் அமைத்தார். 1763இல் மிஷேல் அடான்சன் அதனைத் தனியினமாகப் பிரித்து 'மான்ஸ்டெரா' என்றார். ஏன் அப்பெயர் என்று அவர் கூறவில்லை. வியத்தகு உருவம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லோடு அதனை இணைப்போர் உளர். மெக்சிக்கோவில் வளரும், பழம் இனிக்கும் மற்றொரு வகைக்கு டேனிஷ் அறிஞர் லீப்மன் 1849இல் 'டெலிசியோசா' எனச் சுவையால் பெயரிட்டார்.

நம் இலக்கணப்படி நோக்கின், 'பெர்த்தூசம்' காரணப்பெயர். 'மான்ஸ்டெரா' ஏறக்குறைய இடுகுறிப்பெயராகவே நின்றுவிட்டது. ஆனால் அக்காரணப்பெயரும் கண்ணுக்குத் தோன்றியதையே கூறிற்று. துளையுண்டது என்றால், துளைத்தது யாது?

துளைத்தது பிறிதொன்றன்று, கொடியேயாகும். மிக இளைய இலையிலேயே ஆங்காங்குச் சில உயிரணுக்கள் ஒழுங்காக மடிகின்றன என்றும், அச்சிறு புள்ளிகளே இலையோடு விரிந்து துளைகளாகின்றன என்றும் 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. இதனால் கொடிக்கு என்ன பயன்? அடர்காட்டின் அடியில் வெயில் சிறு சிறு பொட்டுகளாகவே விழும். துளையுள்ள இலை அதே அளவு பசும்பரப்பை அகல விரிப்பதால், அப்பொட்டுகள் சிலவேனும் தவறாமல் கிட்டும் என்பது 2013இல் கிறிஸ்டபர் மியூர் வெளியிட்ட கருத்து. இது கணக்கீட்டால் எழுந்த கருதுகோளேயன்றி முடிந்த முடிபன்று.

மாணவன் ஒருவன் இவ்விலையைக் கொணர்ந்து, "இதில் ஏன் ஓட்டை?" என வினவலாம். "புழு தின்றது" எனல் எளிது. "இதன் பெயர் மான்ஸ்டெரா" எனல் அதனினும் எளிது. இரண்டும் அவன் வினாவுக்கு விடையாகா. பெயர் தெரிந்த இடத்தில் பாடம் முடிவதில்லை, ஆங்குத்தான் தொடங்குகின்றது.