எண்ணூர்க் கழியும் சில பட்டியல்களும்

பறவை பார்க்கப் போகிறவர் கையில் பைனாகுலர் ஒன்று, படம் போட்ட புத்தகம் ஒன்று, குறித்துக்கொள்ள நோட்டு ஒன்று இருக்கும். மூன்றிலும் நோட்டுதான் மூத்தது. பைனாகுலர் இருக்கும் இடத்தில் முன்பு துப்பாக்கி இருந்தது. புத்தகம் பின்னால் வந்தது. பட்டியல் போடும் காரியம் மட்டும் சென்னையில் முன்னூறு வருஷங்களுக்கும் மேலாக நடந்துவருகிறது. அந்தப் பட்டியல்களில் எது ஏறியது, எது ஏறாமல் போயிற்று என்பதே இங்கே விஷயம்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் சர்ஜனாக இருந்த எட்வர்ட் பக்லி, இவ்வூர்ப் பறவைகளைப் பற்றி லண்டனில் மருந்துக் கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்குச் செய்தி அனுப்பினார். ஜான் ரே 1705-ல் இறந்துபோனார். அவருடைய பறவை நூல் 1713-ல் அச்சானபோது மதராஸ்பட்டினத்துப் பறவைகள் 22 அதில் சேர்ந்தன. 1789-ல் க்மெலின் என்ற ஜெர்மானியர், இந்தியாவில் காலே வைக்காதவர், நம் தண்ணீரோரங்களில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் கறுப்பு வெள்ளைக் குருவிக்கு லத்தீனில் மதராஸின் பெயரையே வைத்தார். 1996-ல் ஊர் சென்னையாகிவிட்டது. வாலாட்டிக் குருவி இன்னும் மதராஸ்காரனாகவே இருக்கிறது.

பிறகு ஜெர்டன். கம்பெனியின் மதராஸ் வைத்திய இலாகாவில் இருந்தவர். 50 வண்ணப் படங்கள் கொண்ட அவருடைய பறவை நூல் 1847-ல் சென்னையிலேயே முற்றுப்பெற்றது. 1862-லிருந்து வெளிவந்த இன்னொரு பெரிய நூலில், பறவைகளின் தமிழ்ப் பெயர்களையும் தெலுங்குப் பெயர்களையும் கூடவே தந்தார். இது சாதாரண விஷயமல்ல. ஆனால் ஒரு பெயரைத் தருவதற்கு அதைச் சொன்ன ஒருவன் இருந்திருக்க வேண்டும். கண்ணி வைத்துப் பிடித்தவன், சுட்டு விழுந்ததைச் சேற்றில் இறங்கி எடுத்து வந்தவன், படம் எழுதிக் கொடுத்த உள்ளூர்க்காரன் என்று பலர். வங்கிப் பேரேட்டில் தொகையை வரவு வைத்துவிட்டுச் செலுத்தியவன் பெயரை விட்டுவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும். விஞ்ஞானத்தின் பேரேட்டில் அப்படிக் கேட்பாரில்லை.

எண்ணூருக்கு மதராஸிலிருந்து 1806-ல் கால்வாய் வெட்டினார்கள். பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய் என்றானதன் ஆரம்பப் பகுதி அது. கொசஸ்தலை ஆறும் இந்தக் கால்வாயும் கடலும் கூடும் இடம் எண்ணூர்க் கழி. ஏரி என்று சொன்னால் முழுக்கச் சரியாகாது. உப்பும் நன்னீரும் ஓதத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டிருக்கும் பரப்பு அது. கரையில் கண்டல் மரங்கள், மேட்டில் சவுக்கு. மார்கழிக் காலையில் நடந்தால் சேற்றுத் திட்டில் வடக்கிலிருந்து வந்த உள்ளான்களும் பவளக்காலிகளும் மேய்வதையும், ஆலாக்கள் தலைகீழாகப் பாய்வதையும், கூழைக்கடாக்கள் மிதப்பதையும் பார்க்கலாம். அதே சேற்றில், அதே ஓத நேரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களையும் பார்க்கலாம். பறவையும் மனிதனும் ஒரே மணிக்கு வேலைக்கு வருகிறார்கள். ஏனென்றால் சேறு திறப்பது அந்த மணிக்குத்தான். பறவை நோட்டில் இவர்களுக்குப் பத்தி கிடையாது.

நமது பழைய திணைக் கோட்பாட்டில் கிடைப்பது இந்தப் பத்திதான். புள்ளும் தொழிலும் உணவும் மரமும் கருப்பொருள் என்ற ஒரே தலைப்பில் அடங்கும். நிலமும் பொழுதும் அவற்றுக்கு முதல். நெய்தல் கவிஞனுக்குக் குருகு தனியாக வருவதில்லை. உப்பங்கழியோடும் பரதவரோடும்தான் வரும். இதைப் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. பார்க்கும் முறையில் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறேன். நமது புதுக்கவிதையில் பறவை ஏராளம். பெரும்பாலும் அது 'பறவை' மட்டுமே. பிரமிளின் 'காவியம்' என்ற சிறு கவிதையில் வரும் இறகு எந்தப் பறவையினுடையது என்று கேட்கத் தேவையில்லை. கேட்டால் கவிதை கெட்டுவிடும். ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் எல்லோருக்கும் அந்தச் சலுகையை எத்தனை காலம் நீட்டிப்பது? நிலத்தை விட்டுப் பறவையை எடுக்கும் பழக்கம் கோட்டை சர்ஜனுடையது மட்டுமல்ல, நம்முடையதும்தான்.

இதன் விளைவு இலக்கியத்தோடு நிற்பதில்லை. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. 1990-களில் கழியின் வடகரையில் வட சென்னை அனல்மின் நிலையம் வந்தது. அதன் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலைப் படுகையில் சாம்பல் படிந்தது. 2001-ல் துறைமுகம் வந்தது. 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் கழியின் பரப்பு 6,469 ஏக்கர். அதற்குப் பின் தயாரானதாகச் சொல்லப்பட்டு, 2017-ல் சர்ச்சைக்குள்ளான இன்னொரு வரைபடத்தில் கழியே இல்லை. சேற்றைத் தூர்ப்பதற்கு லாரிகள் வேண்டும். காகிதத்தில் தூர்ப்பதற்கு ஒரு கோட்டை வரையாமல் விட்டால் போதும்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழியில் பரவியது. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகுகள் கறுத்த புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அதே எண்ணெய் மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியது. அந்த மாதம் கருப்பொருள் என்ற சொல்லுக்கு உரை தேவைப்படவில்லை.

1978-ல் தொடங்கிய மதராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொஸைட்டி போன்ற அமைப்புகளால் பறவைக் குறிப்புகள் சென்னையில் ஒழுங்காகச் சேர ஆரம்பித்தன. அவற்றின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஒரு சேற்றுத் திட்டில் இன்ன தேதியில் இத்தனை உள்ளான் இருந்தது என்று எழுதிவைத்த நோட்டு, அங்கே சேறு இருந்தது என்பதற்கும் சாட்சி. கழி இல்லாத வரைபடத்துக்கு எதிராக அதையும் நீட்டலாம். ஆகவே பட்டியலை விட்டுவிட வேண்டாம். பறவையின் பெயருக்கு எதிரே இன்னும் இரண்டு பத்திகள் கோடு போட்டுக்கொண்டால் போதும். தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது என்பது ஒன்று. அந்த நேரத்தில் அதில் இறங்கி நின்றவர்கள் யார், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது மற்றொன்று.