படியும் படையும்: திருவிதாங்கூர்ச் சிப்பாயின் சோற்றுக் கணக்கு

1804-ஆம் ஆண்டு திருவிதாங்கூரின் நாயர்ப் பட்டாளங்கள் தம் அரசுக்கு எதிராகத் திரும்பின. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் திருவனந்தபுரத்தை நோக்கித் திரண்டனர் என்று அரசு சார்ந்த வரலாற்று நூல்களே எழுதுகின்றன. தளவாய் வேலுத்தம்பி பதவி நீங்கவேண்டும், கம்பெனியுடனான உறவு முறியவேண்டும் என்று அவர்கள் கேட்டனர். பின்னாளில் எழுதியோர் இவ்விரண்டாம் கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு இதனை அரசியல் கலகமாக வகைப்படுத்தினர். கலகம் மூண்ட இடம் அதைவிட எளியது. செலவைச் சுருக்க முனைந்த தளவாய் சிப்பாய்களின் படியில் கைவைத்தார். சோற்றுக்குக் கொடுத்த பணம் குறையப் போகிறது என்ற செய்தி பரவியவுடன் ஆயுதங்கள் திரும்பின.

'படி' என்னும் சொல்லைச் சற்று நின்று பார்க்கவேண்டும். தமிழில் அது முதலில் ஓர் அளவுக் கலம். நெல்லும் அரிசியும் அளப்பது. பின்னர், அந்தக் கலத்தால் அளந்து கொடுத்த நாளுணவு. அதற்குப் பின் அவ்வுணவுக்கு ஈடான பணம். பஞ்சப்படி, பயணப்படி என்று இன்றும் அரசாணைகளில் வாழ்வது இச்சொல்லே. கம்பெனிப் படைகளின் ஆங்கிலக் கணக்கேடுகள் இதே பொருளில் 'பத்தா' என்று எழுதின. அச்சொல்லைக் கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் 'பத்த'வுடன் இணைத்துப் பார்ப்போர் உண்டு. லாரி ஓட்டுநரும் திரைப்படத் தொழிலாளரும் கேட்கும் 'பேட்டா' அதன் வழிவந்ததே. மலையாளத்தில் பஞ்சப்படிக்கு 'க்ஷாமபத்த' என்று பெயர். திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் வாயிலில் நிலுவைக்காக முழக்கமிடும் ஊழியர் நாவில் ஒலிப்பது 1804-இன் சிப்பாய் கேட்ட அதே சொல். சம்பளம் என்பதைச் சம்பு என்னும் நெல்லும் அளம் என்னும் உப்பும் சேர்ந்தது என்று விளக்குவாரும் உளர், அவ்விளக்கம் உறுதியானதன்று. ஆயினும் கூலி என்பதன் அருகே கூலம் நிற்பதையும் பார்த்தால், ஊதியத்தைக் குறிக்கும் சொற்கள் தானியக் குதிரைச் சுற்றியே வருவது தெளிவு.

படியைக் குறைக்கும் நெருக்கடி எங்கிருந்து வந்தது? 1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதல் தோற்றது. அடுத்த ஆண்டு கோட்டை உடைந்தது. போர் முடிந்தபின் அச்சம் முடியவில்லை. 1795-இன் உடன்படிக்கையால் கம்பெனிப் பட்டாளங்களின் செலவைத் திருவிதாங்கூர் ஏற்றது. இந்தப் பட்டாளங்கள் சென்னை மாகாணத்துப் படையைச் சேர்ந்தவை. தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள் நிறைந்தவை. அயலார் படைக்கு ஆண்டுதோறும் தொகை கட்டியே ஆகவேண்டும். கட்டத் தவறினால் கேள்வி வரும். எனவே கேள்வி கேட்கமாட்டான் என்று கருதப்பட்ட உள்ளூர்ச் சிப்பாயின் படி கண்ணில் பட்டது. ஒரு சிப்பாய்க்குச் சோறிட மற்றொரு சிப்பாயின் கலத்திலிருந்து அள்ளியதாயிற்று.

இங்கே ஒரு கசப்பான பொருத்தமும் உண்டு. 1799-இல் அரண்மனை அதிகாரிகள் வரம்பு மீறிப் பணம் கறந்தபோது, மக்களைத் திரட்டிக்கொண்டு தலைநகருக்கு வந்து அவர்களை வீழ்த்தியவர் இதே வேலுத்தம்பி. தாம் நடந்துவந்த வழியில் ஐந்தாண்டுகள் கழித்துப் பிறர் தம்மை நோக்கி வருவதை அவர் கண்டார். அவர் கொச்சிக்குச் சென்று கம்பெனியின் ரெசிடெண்ட் மெக்காலேயின் துணையை நாடினார். கலகம் அடங்கியபின் தண்டனைகள் கொடியவையாக இருந்தன. தலைவர்களுள் ஒருவரான கிருஷ்ண பிள்ளையின் கால்களை இரு யானைகளோடு பிணைத்து, அவற்றை எதிரெதிரே ஓட்டினர் என்று திருவிதாங்கூர் வரலாறு பதிவு செய்கிறது. அடுத்த ஆண்டே, 1805-இல், புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. கம்பெனிக்குச் செலுத்தவேண்டிய தொகை ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. சிப்பாயின் படியில் மிச்சம் பிடிக்க எண்ணிய கணக்கு இப்படி முடிந்தது.

அரசிடம் சோறு இல்லாமலில்லை என்பதையும் சொல்லவேண்டும். மார்த்தாண்ட வர்மர் தம் போர்களால் விளைந்த பாவத்துக்குக் கழுவாயாகப் பத்ரதீபத்தையும் முறைஜபத்தையும் ஏற்படுத்தினார். ஆறாண்டுக்கு ஒருமுறை, ஐம்பத்தாறு நாள், பத்மநாபசுவாமி கோயிலில் வேதம் ஓதப்படும். ஓத வந்தோருக்கு விருந்தும் தட்சிணையும் உண்டு. நாடெங்கும் இருந்த ஊட்டுப்புரைகளில் பிராமணர்க்கு இலவச உணவு. போரில் வெட்டுண்டவனின் பெயரால் எழுந்த கழுவாய்ச் சோறு, வெட்டுண்டவனின் குடும்பத்துக்குச் சென்றதில்லை. தமிழில் படை என்பது சேனையையும் குறிக்கும். தெய்வத்துக்கு உணவு வைப்பதையும் குறிக்கும். திருவனந்தபுரத்தில் அவ்விரண்டின் செலவும் ஒரே கருவூலத்திலிருந்து போயிற்று. குறைக்கவேண்டி வந்தபோது முதலில் குறைந்தது எது என்பது மேலே கண்டது.

சோறு போரின் முடிவையே மாற்றிய நிகழ்ச்சியும் இவ்வரசின் வரலாற்றில் உண்டு. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர் அரண் அமைத்துத் தங்கியிருந்தனர். முற்றுகையின்போது திருவிதாங்கூரின் குண்டு ஒன்று அரணுக்குள் வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பற்றியது. அத்தீயில் அவர்களுடைய அரிசி இருப்பு முழுவதும் எரிந்தது. ஆகஸ்டில் சரணடைந்தனர். ஐரோப்பிய வல்லரசு ஒன்றை இந்திய அரசு வென்ற நாள் என்று குளச்சலின் தூணைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். அரணுக்குள்ளே இருந்தவர்களைப் பொறுத்தவரை அது நாளைய கஞ்சிக்கு வழியில்லாமற் போன நாள். பிடிபட்டவர்களுள் ஒருவரான தெ லனாய் பின்னர் அதே அரசுக்குப் படை பயிற்றினார். உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

கஞ்சியைப் பற்றிய புகழ்பெற்ற கதை ஆற்காட்டுக்குரியது. 1751-இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையில் ஐம்பது நாள் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, சிப்பாய்கள் அவரிடம் சென்று, 'சோற்றை வெள்ளையர்க்குக் கொடுங்கள். வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்' என்ற பொருள்படச் சொன்னார்களாம். 1840-இல் மெக்காலே பிரபு (ரெசிடெண்ட் மெக்காலே வேறொருவர்) தம் கட்டுரையில் எழுதி இதனை உலகறியச் செய்தார். அப்போரை அடுத்த காலத்திலேயே விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்மின் வரலாற்றில் இச்செய்தி இல்லை. தொண்ணூறு ஆண்டுகளில் ஒரு கஞ்சிக் கலயம் விசுவாசத்தின் சின்னமாக வளர்ந்திருக்கிறது. கதை உண்மையோ பொய்யோ, அது எவருக்குப் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை: குறைவாக உண்பதைச் சிப்பாயே விரும்பினான் என்று சொல்லிவிட்டால் படிக் கணக்கைப் பற்றி எவரும் பேசவேண்டியதில்லை. கஞ்சியின் மறுபக்கத்தை ஆங்கிலப் படைமுகாமின் கொச்சை மொழி மறைக்கவில்லை. பட்டாளத்துச் சிறையறைக்கு அங்கே 'கஞ்சி ஹவுஸ்' என்று பெயர். அடைபட்டவனுக்குக் கிடைத்தது அது ஒன்றே.

நாஞ்சில் நாட்டிலும் தென் திருவிதாங்கூரிலும் கஞ்சி இழிந்த உணவாக இருந்ததில்லை. பலா இலையை மடக்கி ஈர்க்கு குத்திச் செய்த கரண்டியால், பயறோ துவையலோ தொட்டுக்கொண்டு உழைப்பாளர் உண்ட அன்றாட உணவு அது. வேறுபாடு அளவிலும் நேரத்திலும் இருந்தது. வீட்டில் குடித்த கஞ்சியின்பின் உறக்கம் உண்டு. முகாமில் குடித்த கஞ்சியின்பின் அணிவகுப்பு உண்டு. சிப்பாய் என்ன உண்டான் என்பதோடு, எதில் சமைத்தான் என்பதும் உயிர்ப் பிரச்சினையாகியிருக்கிறது. 1824-இல் பர்மாப் போருக்குப் புறப்பட்ட வங்காளச் சிப்பாய்கள், தனித்தனிச் சமையற் பாத்திரங்களைச் சுமக்க மாடுகள் தரப்படாததை முன்னிட்டுப் பாரக்பூரில் கிளர்ந்து சுடப்பட்டனர். அதே போருக்குச் சென்னைப் படையினர் கப்பலேறிச் சென்றனர். ரங்கூனில் மழையும் கெட்டுப்போன உணவும் நோயும் பகைவரின் குண்டுகளைக் காட்டிலும் மிகுதியான உயிர்களைக் கொண்டன.

1809-இல் வேலுத்தம்பியே கம்பெனியை எதிர்த்து எழுந்தார். குண்டறை அறிக்கையும் மண்ணடியில் அவர் முடிவும் பலரும் அறிந்தவை. பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது. அதன்பின் அரண்மனைக் காவலுக்கும் சடங்குகளுக்கும் தேவையான சில நூறு பேர் தவிர நாயர்ப் பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. படி குறைவதை எதிர்த்தவர்கள் ஐந்தாண்டில் படியே இல்லாதவர்கள் ஆயினர். கலகத்தில் ஒருவரையொருவர் எதிர்த்தவர்கள் இருவருமே தோற்ற கதை இது.

நகரத்தில் அவர்களின் தடயம் பெயர்களில் இருக்கிறது. பாளையம் என்பது படைத்தங்கல். அங்குள்ள பள்ளிவாசலின் பழைய பெயர் பட்டாளப் பள்ளி. 1813-இல் அங்கு நிலைகொண்ட ரெஜிமெண்டின் முஸ்லிம் சிப்பாய்கள் தொழுகைக்காகத் தொடங்கியது. பழவங்காடிப் பிள்ளையார், பத்மநாபபுரத்தில் காவல் நின்ற வீரர்கள் வழிபட்ட தெய்வம் என்பது மரபு. தலைநகர் மாறியபோது அவர்களோடு வந்தாராம். அக்கோயில் இன்றும் இராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. வேண்டிக்கொண்டோர் அங்கே தேங்காய் உடைக்கிறார்கள்.

இரண்டாம் உலகப்போரில் இக்கணக்கு தலைகீழாயிற்று. திருவிதாங்கூர் தன் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து, குறிப்பாகப் பர்மாவிலிருந்து பெற்றுவந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானவுடன் அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீடு வந்தது, மரச்சீனிக் கிழங்கு பல வீடுகளில் முழு உணவாயிற்று. 1943-இல் சேர்த்தலைப் பகுதியில் மனிதர் பட்டினியால் மாண்டனர். அவ்வாண்டுகளில் திருவிதாங்கூரிலிருந்து படைக்கும் அஸ்ஸாம் எல்லையின் தொழிலாளர் அணிகளுக்கும் ஆள்கள் திரள்திரளாகச் சென்றனர். முன்பு சோற்றுக்காகப் படையை விட்டுத் திரும்பியவர்களின் நாட்டில், இப்போது சோறு இருக்கும் இடமாகப் படை ஒன்றே தெரிந்தது. அங்கே சென்றவர்களுக்குப் பலவேளை கிடைத்தது கோதுமை. அரிசி உண்டு வளர்ந்த வயிறு அதற்கும் பழகிக்கொண்டது. மாதம் பிறந்தவுடன் ஊருக்கு மணியார்டர் போயிற்று.