ஒரே 'பீப்' சத்தத்தில் குற்றவாளி சிக்கிடுவாரா? க்ரைம் சீரியல்கள் சொல்லாத தடயவியல்!

கொலை நடந்த இடம். டார்ச் வெளிச்சத்தில் ஒரு கைரேகை சிக்குது. லேப்ல கம்ப்யூட்டரில் ஏத்துறாங்க. ஆயிரக்கணக்கான முகங்கள் கடகடன்னு ஓடி, 'பீப்' சத்தத்தோட ஒரே முகத்தில் நிக்குது. அடுத்த சீன்ல ஆள் கைது! 2000-ல் அமெரிக்காவில் ஆரம்பிச்ச 'சி.எஸ்.ஐ' மாதிரியான சீரியல்கள் நமக்குப் பழக்கப்படுத்திய காட்சி இது.

நிஜத்தில் கம்ப்யூட்டர் 'இவர்தான்'னு சொல்றது இல்லை. ஓரளவு ஒத்துப்போற ரேகைகளோட பட்டியலைத்தான் கொடுக்கும். அப்புறம் ஒரு நிபுணர் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கணும். முடிவு எடுப்பது மனுஷன். சறுக்குறதும் அங்கேதான்.

2004 மார்ச் 11, ஸ்பெயினின் மாட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்தன. டெட்டனேட்டர்கள் இருந்த பிளாஸ்டிக் பையில் கிடைத்த ஒரு கைரேகை, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ-க்குப் போனது. கம்ப்யூட்டர் 20 பேரைக் காட்டியது. நாலாவது இடத்தில் இருந்தவர் ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவர். 'இவரோட ரேகைதான்' என்றார் எஃப்.பி.ஐ நிபுணர். சரிபார்த்தவர்களும் தலையாட்டினாங்க. நீதிமன்றம் நியமிச்ச தனி நிபுணரும் அதையேதான் சொன்னார். ஸ்பெயின் போலீஸ் மட்டும் ஏப்ரலிலேயே 'பொருந்தலையே' என்றது. யாரும் காதில் வாங்கலை. மே மாசம் கைது, ரெண்டு வாரம் உள்ளே. கடைசியில், அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடிச்ச பிறகே வெளியே விட்டாங்க. 2006-ல் அமெரிக்க அரசு மன்னிப்பு கேட்டு, 20 லட்சம் டாலர் கொடுத்தது.

அந்த வழக்கறிஞர் இஸ்லாத்துக்கு மாறியவர். நிபுணர்கள் தங்கள் முடிவை மறுபடி சோதிக்காமல் விட்டதுக்கு அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்னு அந்நாட்டு நீதித்துறையின் விசாரணை அறிக்கையே சொன்னது. எந்த சீரியல் லேப்பிலாவது இப்படி ஒரு சீன் பார்த்திருக்கீங்களா?

முடி விஷயம் இன்னும் மோசம். சம்பவ இடத்தில் கிடைச்ச முடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 'இது இவரோடது'ன்னு நிபுணர்கள் பல வருஷம் சாட்சி சொன்னாங்க. பழைய வழக்குகளை அலசிப் பார்த்து, அந்த சாட்சியங்களில் குறைந்தது 90 சதவிகிதத்தில் தவறு இருந்ததா 2015-ல் எஃப்.பி.ஐ-யே ஒப்புக்கொண்டது. தவறான சாட்சியம் சொல்லப்பட்ட வழக்குகளில் மரண தண்டனை வாங்கியவர்களும் இருந்தாங்க. 9 பேருக்கு அதற்குள் தண்டனை நிறைவேற்றப்பட்டிருந்தது.

கோர்ட்டில் குறுக்கு விசாரணை செஞ்சா தப்பு வெளியே வந்திடாதா? வரலாம், வழக்கு அதுவரைக்கும் போனால். அமெரிக்காவில் தண்டனை பெறுபவர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேல், முழு விசாரணையே இல்லாமல், 'குறைஞ்ச தண்டனை தர்றோம், குற்றத்தை ஒத்துக்கோ' என்ற பேரத்தில் முடிஞ்சு போறவங்க. 'லேப் ரிப்போர்ட் உனக்கு எதிரா இருக்கு'ன்னு சொன்னா, பயந்தவன் கையெழுத்து போட்டுடுவான். அந்த ரிப்போர்ட்டை அப்புறம் யார் கேள்வி கேட்கப்போறாங்க?

இன்னொரு பொய், வேகம். சீரியலில் விளம்பர இடைவேளை முடியறதுக்குள் டி.என்.ஏ ரிசல்ட் வந்திடும். 2009-ல் டெட்ராய்ட் போலீஸின் ஒரு கிடங்கில் 11,000-க்கும் மேற்பட்ட பாலியல் வன்கொடுமை தடயப் பெட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. பெரும்பாலானவை லேப் பக்கமே போகலை. சில பெட்டிகள் பல வருஷம் பழசு. பிறகு ஒவ்வொன்றாகச் சோதிச்சப்போ, ஒரே ஆளின் டி.என்.ஏ வேற வேற பெண்களின் பெட்டிகளில் கிடைத்தது. இப்படித் தொடர் குற்றவாளிகளா சந்தேகிக்கப்பட்டவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, நூற்றுக்கணக்கானவங்க.