வசவசமுத்திர மட்கலங்களும் மூலமண் ஆய்வும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970-இல் அகழாய்வு நடத்தியது. அங்கு உறைகிணறுகளுடன் ரௌலட்டட் மட்கல ஓடுகளும் ஆம்போரா எனப்பட்ட கூர்முனைச் சாடித் துண்டுகளும் கிடைத்தன. இவ்விரண்டையும் உரோமானிய வணிகச் சான்றுகளாக ஒருசேரக் காட்டும் வழக்கம் மறுஆய்வுக்குரியது.

உட்புறத்தில் பற்சக்கர வரிகள் கொண்ட ரௌலட்டட் கலங்களை அரிக்கமேட்டில் 1945-இல் கண்ட மார்ட்டிமர் வீலர், அவற்றுள் உயர்தரமானவை மத்தியதரைக்கடற் பகுதியிலிருந்து வந்தவை எனக் கருதினார். அவற்றின் வடிவம் இந்திய மரபினது என்று விமலா பெக்லி பின்னர் வாதிட்டார். 1997-இல் விஸ்வாஸ் கோக்டே, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு முறையில் களிமண்ணின் கனிமங்களை ஒப்பிட்டு, அவை வங்கத்தின் சந்திரகேதுகர்–தாம்லுக் பகுதி மண்ணோடு பொருந்துவதாகக் காட்டினார். வரியிடும் நுட்பத்தைக் கொண்டு கலத்தின் பிறப்பிடத்தைத் துணிந்ததே வீலரின் பிழை.

சாடிகளின் நிலையும் இத்தகையதே. இந்தியாவில் ஆம்போரா எனப் பதிவான துண்டுகள் பல, உட்புறம் நிலக்கீல் பூசிய மெசொப்பொத்தேமிய டார்ப்பிடோ சாடிகள் என ராபர்ட்டா டோம்பர் இனங்கண்டார். ஆம்போராவுக்குரிய கைப்பிடிகள் இவற்றுக்கு இல்லை. உடைந்த உடற்பகுதி மட்டும் எஞ்சும்போது இரண்டும் எளிதில் மயங்கும்.

எனவே வசவசமுத்திரத்தின் ஒவ்வொரு சாடித் துண்டும் மண்ணையும் உட்பூச்சையும் ஆய்ந்த பின்னரே பெயரிடப்பட வேண்டும். ரௌலட்டட் ஓடுகள் இத்துறையை வங்கக் கரையோர வணிகத்துடன் இணைக்கின்றன. சாடிகளுள் டார்ப்பிடோ வகை உறுதிப்படின், பாரசீக வளைகுடாத் தொடர்பும் வெளிப்படும்.