குறட்டையா, கொழுப்பா? உறக்க மூச்சுத்தடையும் குருதி அழற்சிக் குறிகாட்டிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் 'சி.ஆர்.பி.' என்னும் மூன்றெழுத்து, பெருநகரங்களைக் கடந்து குழித்துறை போன்ற சிறுநகரங்களின் ஆய்வுக்கூட அறிக்கைகளிலும் பழக்கமாயிற்று. இப்புரதத்தின் வரலாறு நிமோனியாவில் தொடங்குகிறது. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த டில்லெட், பிரான்சிஸ் இருவரும், நிமோனியா நோயாளரின் குருதிநீர் அந்நோய்க் கிருமியின் 'சி' என்னும் கூறோடு வினைபுரிந்து வீழ்படிவாவதையும், நோய் தணிந்தபின் அவ்வினை மறைவதையும் கண்டனர். உடலில் அழற்சி உண்டு என இப்புரதம் காட்டும். அது எங்கே, எதனால் என்று காட்டாது. உறக்க மூச்சுத்தடை பற்றிய பிற்கால விவாதம் பெரிதும் இக்குறையிலிருந்தே எழுந்தது எனலாம்.

உறக்கத்தில் தொண்டைப்பகுதி அடைபட்டு, பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதே இந்நோய். ஒவ்வொரு தடையிலும் குருதியின் ஆக்சிஜன் அளவு சரிந்து மீள்கிறது. இவ்வேற்ற இறக்கமே அழற்சியைத் தூண்டி இதயத்தைத் தாக்குகிறது என்பது கருதுகோள். 1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, இந்நோயாளரிடம் இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆகியவை மிகுந்திருப்பதைக் காட்டியது. 2002இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 22 நோயாளரை, வயதும் உடற்பருமன் குறியெண்ணும் ஒத்த 20 பேரோடு ஒப்பிட்டனர், நோயாளரிடம் சி.ஆர்.பி. கூடியிருந்தது. மறு ஆண்டே ஜப்பானிய ஆய்வொன்று, காற்றழுத்தக் கருவியை ஒரு மாதம் பயன்படுத்தியபின் அது குறைந்ததாக அறிவித்தது. வழக்கு முடிந்ததாகவே தோன்றியது.

ஆனால் கொழுப்புத் திசுவும் இன்டர்லூக்கின்-6ஐச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் கல்லீரல் சி.ஆர்.பி.யை உருவாக்குகிறது. இந்நோயாளருள் பலர் பருமனானவர்கள். இங்குதான் இந்தியத் தரவுகள் முதன்மை பெறுகின்றன. 2005இல் வெளியான சென்னை நகர்ப்புற-ஊரக ஆய்வு, சி.ஆர்.பி.க்கும் உடற்கொழுப்புக்கும் உள்ள தொடர்பை நிறுவியது. 2008இல் தில்லியில் எஸ்.கே. சர்மா குழுவினர், சி.ஆர்.பி. உயர்வுக்குக் காரணம் பருமனே, மூச்சுத்தடை அன்று எனத் தம் கட்டுரையின் தலைப்பிலேயே அறிவித்தனர். குறியெண் ஒத்திருந்தாலும் ஐரோப்பியரைவிட இந்தியரிடம் உடற்கொழுப்பு மிகுதி என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறியெண்ணை மட்டும் சமப்படுத்தும் ஒப்பீடு, மேயோ ஆய்வு உட்பட, கொழுப்பைச் சமப்படுத்தியதாகாது.

2014இல் அமெரிக்காவில் பருமனான 181 நோயாளர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 24 வாரம் கண்காணிக்கப்பட்டனர். எடையைக் குறைத்த இரு குழுக்களில் சி.ஆர்.பி. குறைந்தது, கருவியை மட்டும் பயன்படுத்திய குழுவில் குறையவில்லை. இதனால் கருவி பயனற்றது என்று பொருள்கொள்வது பிழை. பகல்நேரத் தூக்கக் கலக்கத்தையும் ஓரளவு இரத்த அழுத்தத்தையும் அது குறைக்கிறது. அதன் பயனைச் சி.ஆர்.பி. எண்ணைக் கொண்டு அளப்பதே ஐயத்துக்குரியது.