டிரைவ்-இன்: எழுந்திரு என்று சொல்லாத ஓட்டல்

சென்னை கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கி 2008-இல் மூடப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலுக்கு இது காலம் தாழ்ந்த இரங்கல். தாமதத்தால் பெரிய மோசம் ஒன்றும் இல்லை. சென்னையில் அறுபதைத் தொட்டவர்கள் நாலு பேர் கூடினால் இன்றைக்கும் அந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. ஒருவர் அங்கே தின்ற ரவா தோசை மாதிரி இனி உலகத்தில் கிடையாது என்பார். தோசை கிடக்கட்டும், சோளா பட்டூராவைச் சொல்லுங்கள் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் காபிக் கட்சி. மூவரும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, கேட்டுக்கொண்டிருக்கும் சின்னப் பையனிடம் "உனக்குக் கொடுத்துவைக்கல" என்று முடிப்பார்கள்.

என் கட்சி வேறு. தோசை நன்றாகத்தான் இருந்தது. அதற்கு ஈடான தோசை அன்றைக்கும் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கிடைத்தது. சாப்பிட்டு முடித்த பிறகும் உட்கார்ந்திருக்க ஓர் இடம் மட்டும் வேறெங்கும் கிடைக்கவில்லை.

இதைத் தொடங்கியவர் கே. கிருஷ்ண ராவ். தென்கன்னடத்திலிருந்து வந்து, ஓட்டல் சமையலறையில் எடுபிடி வேலையில் ஆரம்பித்து, ஓட்டல்களுக்கே முதலாளி ஆனவர். ராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து 1938-இல் உட்லண்ட்ஸை ஆரம்பித்தார். அந்தப் பங்களாவின் பெயரே ஓட்டலுக்கும் நிலைத்துவிட்டது. 1952-இல் இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, ஜெமினி ஸ்டூடியோவுக்கு எட்டிய தூரத்தில், மரங்கள் அடர்ந்த ஒரு தோட்டத்துக்குள் டிரைவ்-இன்.

அந்தத் துணிச்சலை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடுவது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த வசதி. அங்கே ஆளுக்கொரு கார் இருந்தது. 1962-இன் மதராஸில் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தெருவில் ஓடியவை அம்பாசடர், ஃபியட், வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவ்வளவுதான். அண்ணா மேம்பாலம் வந்ததே 1973-இல். கார் இல்லாத ஊரில் காருக்கென்று ஓட்டல் திறந்தார் மனுஷன். அது ஓடியது. காரணம், கார் இல்லாதவர்களும் வந்தார்கள். சைக்கிளில் வந்தார்கள், ஸ்கூட்டரில் வந்தார்கள், ஜெமினி ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்தார்கள். உள்ளே கட்டடத்தில் அவர்களுக்கும் மேசை நாற்காலி இருந்தது.

காரில் வந்தவர்களுக்கு நடந்த உபசாரம் தனி அழகு. மரநிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தினால் சர்வர் வருவார். கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கச் சொல்லி, அதன் விளிம்பில் கொக்கி வைத்த தட்டை மாட்டுவார். பிறகு ஆர்டர். நெய் ரோஸ்ட் வந்தால் அதன் இரண்டு நுனியும் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்பா ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து பிய்ப்பார், அம்மா அவருடைய வேட்டியில் சாம்பார் சொட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே தன் வடையைப் பிட்டுக்கொள்வாள், பின்சீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தட்டு, இரண்டு சண்டை. காபி வந்தால் மட்டும் தட்டை நம்பாமல் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். யாராவது கதவைத் திறக்கப் போனால் எல்லோரும் ஒரே குரலில் "டேய் தட்டு, தட்டு!" என்று கத்துவோம். தலைக்கு மேல் காக்கைகள் வேறு. வடையைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பேசுகிறவன் அனுபவம் இல்லாதவன் என்று அவற்றுக்குத் தெரியும்.

உறவுக்காரர் வீட்டுப் பெண் பார்க்கும் சடங்கு ஒன்று அங்கேதான் நடந்தது. பையன் வீட்டார் ஒரு மேசை, பெண் வீட்டார் அடுத்த மேசை. தற்செயலாகச் சந்தித்ததுபோல நடிப்பு. பஜ்ஜி சொஜ்ஜி செலவு பெண் வீட்டாருக்கு மிச்சம். ஜாதகம் பொருந்தியிருந்ததால் கல்யாணமும் நடந்தது.

ஆனால் டிரைவ்-இன்னின் நிஜமான குடும்பம் மெடிக்கல் ரெப்புகள். அவர்கள் பிழைப்பைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். டாக்டர்களைக் காலையில் பார்க்கலாம், சாயங்காலம் கிளினிக்கில் பார்க்கலாம். நடுவில் நாலைந்து மணி நேரம் கையில் கனத்த தோல் பை, கழுத்தில் டை, தலைக்கு மேல் சென்னை வெயில். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் பற்றாது. ஆபீஸ் என்று ஒன்று பலருக்குக் கிடையாது. கம்பெனி பம்பாயில் இருக்கும். டிரைவ்-இன் ஊருக்கு நடுவில் இருந்தது, நிழல் இருந்தது, ஒரு காபி விலையில் நாற்காலி கிடைத்தது. அங்கே உட்கார்ந்து அன்றைய ரிப்போர்ட்டை எழுதினார்கள். இந்த டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், அந்த டாக்டரை மூணு மணிக்கு மேல் பிடி என்று போட்டிக் கம்பெனிக்காரனுக்கே தகவல் சொன்னார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனை மேனேஜர் அங்கே வைத்துத்தான் திட்டினார், அங்கேயே போண்டா வாங்கிக்கொடுத்துச் சமாதானமும் செய்தார். செல்போன் சென்னைக்கு வந்ததே 1995-இல். அதற்கு முன்னால் ஒரு ரெப்பைத் தேட வேண்டுமானால் பகல் வேளையில் டிரைவ்-இன்னுக்கு ஆளனுப்புவதுதான் வழி.

அவர்களுக்கு அடுத்த மேசையில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. அதற்கடுத்து, கதை கேட்க வருவதாகச் சொன்ன தயாரிப்பாளருக்காகக் காத்திருக்கும் உதவி இயக்குநர். தயாரிப்பாளர் வரமாட்டார் என்பது சர்வருக்கும் தெரியும். அப்புறம் பத்திரிகைக்காரர்கள், கல்லூரி மாணவ மாணவிகள், ரிட்டயர் ஆன பிறகும் அதே நேரத்துக்கு வந்து அதே மூலையில் உட்காரும் பெரியவர்கள். இரண்டு பேருக்கு ஒரு காபி வாங்கிப் பாதியாக ஊற்றிக்கொள்கிறவர்களையும் அங்கே யாரும் இளப்பமாகப் பார்த்ததில்லை. பில் வந்துவிட்டது என்பதற்காக எழுந்திருக்க வேண்டியதும் இல்லை.

மற்ற ஓட்டல்காரர்கள் கெட்டவர்கள், கிருஷ்ண ராவ் குடும்பம் மட்டும் தர்மவான்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓட்டல் கணக்கு எளிமையானது: ஒரு நாற்காலியில் ஒரு நாளில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தார்கள் என்பதுதான் லாபம். மனை விலை ஏற ஏற, ஒவ்வொருவரும் உட்காரும் நேரம் குறைய வேண்டும். தொண்ணூறுகளில் சென்னை முழுக்க நின்றுகொண்டே சாப்பிடும் உயர மேசைகள் வந்ததற்கு இதுதான் காரணம். பிறகு குளிர்சாதனக் காபிக் கடைகள் வந்தன. அங்கே எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். உட்காருவதற்கான வாடகை காபி விலையிலேயே சேர்ந்திருக்கும்.

டிரைவ்-இன்னால் நாற்காலியைச் சும்மா கொடுக்க முடிந்ததற்கு ஒரே காரணம், நிலம் சந்தையில் இல்லாததுதான். அது அரசு நிலம். 1835-இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்தது. சங்கத்திடமிருந்து ஓட்டலுக்கு வந்தது. ஊருக்கு நட்டநடுவில் ஏக்கர் கணக்கில் மரத்தையும் காரையும் நிறுத்திவைத்துக்கொண்டு, சந்தை வாடகை கொடுத்து, இட்லி விற்று யாராலும் பிழைக்க முடியாது. ஆக, அந்த ஒரு காபி மணிக்கணக்கில் நீண்டதற்குப் பணம் கொடுத்தது ஒரு வகையில் அரசு. அரசு தன் நிலத்தைத் திரும்பக் கேட்டது. வழக்கு நீதிமன்றங்களில் வருஷக்கணக்கில் நடந்தது. கடைசியில் 2008-இல் ஓட்டல் மூடியது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பழைய வாடிக்கையாளர்கள் பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். கடைசி நாட்களில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த அதே 2010-இல், நவம்பரில், முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். நியாயத்தைச் சொல்ல வேண்டும்: நல்ல பூங்கா. அடுக்குமாடி வணிக வளாகம் வந்திருக்கலாம், வரவில்லை. பழைய மரங்கள் பலவற்றை வெட்டாமல் விட்டார்கள். ஓட்டலுக்கு வர வசதியோ துணிச்சலோ இல்லாதவர்களும் சின்னக் கட்டணம் கொடுத்து உள்ளே போக முடிகிறது. பொது நிலம் பொதுமக்களிடம் வந்தது என்றால் மறுத்துப் பேச என்னிடம் சட்டமும் இல்லை, தர்க்கமும் இல்லை. எதிர்ப்புறத்தில் சங்கத்திடம் இருந்த நிலமும் மீட்கப்பட்டு 2024-இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா ஆகிவிட்டது. அங்கே கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கலாம்.

ஆனால் பூங்காவில் உலாத்துவது ஒன்று, ஓட்டலில் உட்கார்ந்திருப்பது வேறு. பூங்காவுக்கு வேலையை முடித்துவிட்டுப் போகிறோம். டிரைவ்-இன்னுக்கு வேலைக்கு நடுவில் போனார்கள், வேலை இல்லாதபோதும் போனார்கள், வேலை தேடும்போது கட்டாயம் போனார்கள். இண்டர்வியூ முடிந்து வெளியே வந்தவன் வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும். இன்றைக்கு உணவு டெலிவரி பையன்கள் மதிய வெயிலில் பைக்கின் மேலேயே கால் நீட்டிப் படுத்திருப்பதை அண்ணா சாலை ஓரம் பார்க்கிறேன். அந்தக் காலத்து ரெப்புக்கு இருந்த அதே நாலைந்து மணி நேரம்தான் இவர்களுக்கும். அவனுக்கு ஒரு நாற்காலி இருந்தது.

நல்ல சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் இன்றைக்கும் உற்சாகமாகப் பட்டியல் சொல்வேன். ராதாகிருஷ்ணன் சாலை நியூ உட்லண்ட்ஸில் தொடங்கி மயிலாப்பூர் சந்துகள் வரைக்கும் நீளும் அது. சாப்பிட்டுவிட்டு எங்கே உட்காரலாம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயர் இல்லை.

தோட்டக்கலைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். செம்மொழிப் பூங்காவின் ஒரு மூலையில், அந்தப் பழைய மரங்களில் நிழல் அதிகம் உள்ளதாக ஒன்றைப் பார்த்து, இருபது மேசை போடுங்கள். நல்ல ஃபில்டர் காபி, மதியத்துக்குத் தயிர் சாதம், சாயங்காலம் போண்டா போதும். டெண்டர் விடும்போது ஒரே ஒரு நிபந்தனை சேருங்கள்: காபி குடித்து முடித்தவரை எழுந்திருக்கச் சொல்லக் கூடாது.