இரு சூரியோதயம் கண்ட வான்வழி

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த கணக்கு. ஆனால் அக்கணக்கிற்குள் அடங்காத சிலவும் பிரயாண நேரத்தை நிர்ணயிப்பதுண்டு. 1943 முதல் 1945 வரை பெர்த் நகருக்கும் இலங்கைக்கும் இடையே நடைபெற்ற விமானப் போக்குவரத்து அதற்குச் சிறந்த சான்றாகும்.

1938இல் சிட்னியிலிருந்து இங்கிலாந்து சென்ற கடல் விமானங்களுக்குச் சிங்கப்பூர் நடுநாயகமான துறையாக விளங்கிற்று. இடையிடையே இறங்கிச் சென்றமையால் அப்பிரயாணத்திற்கு ஒன்பது பத்து நாட்கள் பிடித்தன. 15-2-1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதம் ஜாவாவும் வீழ்ந்தது. இறங்குதுறைகள் பகைவர் கைக்குப் போகவே, வழியும் அறுந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அரசாங்கக் கடிதங்களும் படைவீரர் தபாலும் விரைந்து செல்ல வேறு மார்க்கம் வேண்டியதாயிற்று.

எஞ்சியிருந்தது, நடுவில் எங்கும் தங்காமல் மகாசமுத்திரத்தையே தாண்டுவது. குவான்டாஸ் கம்பெனியார் ஐந்து கட்டலினா கடல் விமானங்களைக் கொண்டு 1943ஆம் ஆண்டின் நடுவில் அதனைத் தொடங்கினர். இங்கே விமான நிலையம் என்றது ஓடுபாதையை அன்று. ஒருபுறம் பெர்த்தின் சுவான் ஆறு, மறுபுறம் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரி. இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 3,500 மைல். கட்டலினாவின் வேகமோ மணிக்கு 125 மைல். கணக்குப்படி 28 மணி நேரம். எதிர்க்காற்று மணிக்கு 15 மைல் வீசினால் அதுவே ஏறத்தாழ 32 மணியாகிவிடும். மிக நீண்ட பிரயாணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது. வானிலேயே இருமுறை சூரியோதயம் கண்டமையால், பிரயாணிகளுக்கு ‘இரு சூரியோதய இரகசியச் சங்கம்’ என்னும் பெயரால் அத்தாட்சிப் பத்திரம் வழங்கப்பட்டது!

இத்தனை நேரம் பறப்பதற்குச் சுமார் 2,000 காலன் பெட்ரோல் தேவை. பெட்ரோலே பெரும் பாரமாகிவிட்டதால் மூன்று பிரயாணிகளுக்கும் 150 இறாத்தல் அளவான தபாலுக்குமே இடமிருந்தது. புறப்பட்ட முதற் பல மணி நேரம், இரண்டு எஞ்சின்களுள் ஒன்று நின்றாலும் விமானம் உயரத்தில் தங்காது. ஜப்பானிய விமானங்கள் சுற்றிய பகுதியை இருளில் கடக்கவேண்டும் என்பதற்காகவே புறப்படும் வேளை குறிக்கப்பட்டது. ஆக, கால அட்டவணையில் பகைவருக்கும் ஒரு கை இருந்தது எனலாம். கம்பியில்லாத் தந்தியில் வானிலைச் செய்தியைக் கேட்கலாம். தாம் பேசுதல் கூடாது. வழிகாட்ட நட்சத்திரங்களே இருந்தன. விமானங்களின் பெயர்களும் ரைஜல், ஸ்பைக்கா, ஆல்டேர், வேகா, அன்டாரிஸ் என நட்சத்திரப் பெயர்களே. வெறும் அலங்காரமாக இட்ட பெயர்கள் அல்ல.

271 முறை சமுத்திரத்தைக் கடந்தும் ஒரு விமானமேனும் அழியவில்லை. மணிக்கு 550 மைல் செல்லும் இன்றைய ஜெட் விமானத்திற்கு அதே தூரம் ஏழு மணிக்குள் அடங்கும். 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கே, அதாவது 9,000 மைலுக்கு, இடையில் இறங்காத சேவை தொடங்கியது. அதற்கு ஆகும் நேரம் சுமார் 17 மணிதான்.

கட்டலினாக்களோ அமெரிக்காவிடம் கடன்-குத்தகை முறையில் பெறப்பட்டவை. போர் முடிந்தபின், அவ்வொப்பந்தத்தின் விதிப்படி, ஐந்தும் ஆஸ்திரேலியக் கடலில் அமிழ்த்தப்பட்டன.